துவட்டாத தலை

பிள்ளையின் தலையை நனைத்தவள்தான் துவட்டியும் விட வேண்டும் என்பது மாரிச்செல்வியின் கட்சி. நனைப்பது ஒருத்தி, துவட்டுவது இன்னொருத்தி என்றால் பாதி ஈரம் மண்டைக்குள்ளேயே தங்கிவிடும். தென்காசியில் இதை அவளிடம் மறுத்துப் பேசியவர்கள் குறைவு. பேசியவர்களுக்குச் சளி பிடித்திருக்கிறது.

அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கும் தலை சம்பந்தப்பட்டதுதான். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் போட்டு வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சுவாள். கணவர் நம்பிராஜன் போலீஸில் ஏட்டு. அவருடைய ஸ்டேஷனில் வழுக்கை விழுந்த எழுத்தர் ஒருவர் அந்த எண்ணெயைச் சில மாதம் தேய்த்தார். ஒருநாள் காலையில் வாசலில் நின்ற சென்ட்ரி அவரை உள்ளே விட மறுத்துவிட்டான். அடையாள அட்டையில் இருந்தது வேறு ஆள். எழுத்தர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வேலையில் உட்கார முடிந்தது. இதை நேரில் பார்த்தவர் என்பதால் நம்பிராஜன் மட்டும் அந்த எண்ணெயைத் தொடுவதில்லை.

ஒரே மகள் அபியும் தொடுவதை நிறுத்தியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவைவிட ஒரு சாண் உயரம்.

“ஏட்டி, வந்து உக்காரு. ஒரு சொட்டு வச்சு விடுதேன்.”

“ஒன் ஒரு சொட்டு கழுத்துல வழிஞ்சு யூனிபாரம் பூரா பரவுது. கிளாஸ்ல என்னைய அப்பளம்னு கூப்பிடுதாளுவ.”

“அப்பளத்துக்கு என்ன கொறச்சல்?”

“அப்பாக்கு வையி. அவருக்குத்தான் எடம் நெறைய காலியா கெடக்கு.”

நம்பிராஜன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

சின்ன வயதில் அபி ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, தேய்க்கத் தேய்க்கத் தூங்கிப்போவாள். இப்போது அம்மாவின் விரல் பட்டாலே தலையைச் சாய்த்துத் தப்பித்துக்கொள்கிறாள். அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல் என்று வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாரிச்செல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெயைச் சூடாக்கி, ஆறவைத்து, திரும்பப் பாட்டிலில் ஊற்றினாள்.

ஆடிச் சாரலில் மூன்று பேரும் குற்றாலம் போனார்கள். அந்த வருஷம் தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. ஆண்கள் பக்கம் குளித்த கடையநல்லூர்க்காரர் ஒருவருடைய பல்செட் அருவியோடு போய், மறுநாள் தென்காசியில் சிற்றாற்றுப் பாலத்தடியில் அகப்பட்டது. ஒரு கெண்டை மீனைக் கவ்விக்கொண்டிருந்ததாம். எடுத்தவர்கள் மீனைக் குழம்பு வைத்துவிட்டுப் பல்லை உரியவரிடம் சேர்த்தார்கள்.

மாரிச்செல்வி ஒரு திட்டத்தோடு வந்திருந்தாள். அருவிக்கடியில் அபியால் ஓட முடியாது. எண்ணெய், சோப்பு கூடாது என்ற போர்டைப் படிக்காத மாதிரி, இடுப்பில் சிறிய பாட்டிலைச் செருகிக்கொண்டு பெண்கள் பக்கம் நுழைந்தாள்.

பேரருவிக்குள் கண்ணைத் திறக்க முடியாது. யாரோ தோளில் ஏறி நின்று மிதிப்பது போல் தண்ணீர் விழும். கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் துழாவினாள். ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. இழுத்தாள், வந்தது. தலையைப் பிடித்து எண்ணெயைக் கொட்டித் தேய்த்தாள். உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால். அபி அன்று முரண்டு பிடிக்கவே இல்லை. தலையை அவள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தலை தன் இடுப்பு உயரத்தில் இருந்தது மாரிச்செல்விக்கு உறைக்கவில்லை. கைக்குப் பழைய உயரம்தான் ஞாபகம். மணிக்கட்டில் ஏதோ கண்ணாடி வளையல் நெருடியது. புதிதாக வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் நெட்டியதில் கை விட்டுப்போயிற்று. வெளியே வந்து கண்ணைத் துடைத்தபோது அபி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். மேலெல்லாம் காய்ந்திருந்தது.

“நீ எப்பட்டி வெளிய வந்த?”

“உள்ளயே போகலயே. கூட்டத்தப் பாத்து இங்கனயே நின்னுட்டேன். நீ யாரப் போட்டு அந்தத் தேய் தேய்ச்ச?”

மாரிச்செல்வி திரும்பி அருவியைப் பார்த்தாள். பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் யாரும் இல்லை.

மறுநாள் காலை அடுக்களையில் உப்பு தண்ணீராகியிருந்தது. தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை. கதவுக்குப் பின்னால் ஆறேழு வயதில் ஒரு பெண் பிள்ளை நின்றது. பாவாடை சட்டை, கையில் கறுப்புக் கண்ணாடி வளையல். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாசி மணமும் அதற்குள்ளே கரிசலாங்கண்ணி மணமும் வந்தன.

மாரிச்செல்விக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது வேறு. நம் கையால் நனைந்த தலை, துவட்டாமல் நிற்கிறது.

“வா இங்கன” என்று துண்டை எடுத்தாள்.

துவட்டத் துவட்ட ஈரம் வந்தது. வீட்டிலிருந்த துண்டெல்லாம் நனைந்தன. நம்பிராஜனின் வேட்டி நனைந்தது. சாம்பிராணி போட்டாள். புகைதான் ஈரமாயிற்று. பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணைச் செருகியது. மதியம் எழுந்து குளியலறைக்குள் போனது, திரும்பி வரவில்லை. அடுத்த நாள் காலை அதே கதவுக்குப் பின்னால் நின்றது.

நம்பிராஜன் கண்ணுக்குப் பிள்ளை தெரியவில்லை, தண்ணீர் தெரிந்தது.

“ஏளா மாரி, எங்கனயோ பைப்பு லீக்கு.”

“குத்தாலத்துல இருந்து ஒரு பிள்ள வந்திருக்குங்க.”

அவர் யோசித்தார். “காணாமப்போன பிள்ளைன்னு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்லயே” என்று சொல்லிவிட்டுப் பிளம்பருக்குப் போன் செய்தார். பிளம்பர் வந்து எல்லாக் குழாயும் காய்ந்துகிடக்கின்றன என்று சொல்லி, வழுக்கி விழுந்துவிட்டுப் போனார்.

மாரிச்செல்வி அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அபி பள்ளிக்கூடம் போனதும் எண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். புளியங்குடியிலிருக்கும் தன் தம்பி மனைவியைப் பற்றி, வெங்காய விலையைப் பற்றி, ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எல்லாவற்றையும் அந்தத் தலையிடம் சொன்னாள். தலை கேட்டுக்கொண்டது. ஒருநாள் சடையின் நுனி விரலளவு காய்ந்திருந்தது. தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவள் மாதிரி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அபியின் சடை நுனி ஈரமாக இருந்தது.

“மழையில நனைஞ்சியா?”

“மழையே இல்லம்மா. எதுலயோ பட்டுருக்கும்” என்றாள் அபி. தும்மினாள்.

அடுத்த நாள் சின்னவளின் சடை பாதி காய்ந்தது. அபி எழுந்தபோது தலையணை பிழிகிற மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் சின்னவளின் பிடரி காய்ந்தது. அபிக்குக் காது வரை ஈரம் ஏறி, இருமலும் காய்ச்சலும் வந்து பள்ளிக்கூடம் போகவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, தலைக்குக் குளிக்க வேண்டாம் என்றார். அபி குளிக்கவே இல்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. தலையைத் துவட்டலாம் என்று போனால், “தொடாதம்மா, எண்ணெ கையி” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

என்ன நடக்கிறது என்று மாரிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் மறுநாள் காலை சின்னவள் வந்து முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தபோது, இன்று ஒருநாள் மட்டும் என்று துண்டை எடுத்தாள்.

பக்கத்து வீட்டு சுல்தான் பீவி உறைமோர் வாங்க வந்தவள் அடுக்களை வாசலில் நின்றாள்.

“யாரு மாரி இந்தப் பிள்ள? முன்னந்தலை இன்னும் ஈரமா இருக்கு பாரு.”

மாரிச்செல்விக்குக் கை நின்றது. “ஒங்களுக்குத் தெரியுதாக்கா?”

“கண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணதுல இருந்து எனக்கு எல்லாந் தெரியுது. தெரியாமலே இருந்திருக்கலாம்.” பீவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “குத்தாலத்துப் பிள்ளையா?”

“ஆமா. நாந்தான் தெரியாமத் தலைக்குத் தேய்ச்சுட்டேன். நனைச்சவதானக்கா துவட்டணும்.”

“முத மொத நனைச்சவ நீயா? அதுக்கு முந்தியே அது தண்ணிக்குள்ளதான நின்னுச்சு.”

மாரிச்செல்வி துண்டைப் பிழிந்தாள்.

“அதப் பெத்தவ எங்கன கைய விட்டாளோ அங்கனயேதான் நின்னு தொழாவிக்கிட்டு இருப்பா. நீ இங்கன ஒக்காந்து சடை பின்னுத.” பீவி உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். “அங்க யாரு இருமுதது?”

“அபி.”

“அதுக்கு யாரு துவட்டுதா?” என்றாள் பீவி. உறைமோர் வாங்காமலே போய்விட்டாள்.

அன்றைக்கே மாரிச்செல்வி குற்றாலத்துக்குக் கிளம்பினாள். அபியைத் தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை. ஒரு சால்வையைப் போர்த்தி அவளையும் கூட்டிக்கொண்டாள். சின்னவள் கேட்காமலே கூட வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, “ஈரத்தோட சீட்டுல ஒக்காராதீங்க” என்று முன்னால் போனார்.

“ஏம்மா மூணு?”

மாரிச்செல்வி சொல்லிவிட்டாள். அருவியில் துழாவியதிலிருந்து அன்று காலை எடுத்த துண்டு வரைக்கும். அபி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்த காலி இடத்திலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

“அவ தலை காயக்காய என் தலை நனையுதா?”

“ம்.”

“தெரிஞ்சே இன்னைக்கும் துவட்டியிருக்க.”

“அவ தலையக் குடுக்குதாட்டி.”

அபி இருமி முடித்தாள். “இப்பம் அங்கன எந்தப் பிள்ளைய விட்டுட்டு வரப் போற?”

“இது என்ன கேள்வி?” என்றாள் மாரிச்செல்வி. ஆனால் பஸ் காசிமேஜர்புரம் தாண்டிய பிறகுதான் அதைச் சொன்னாள்.

பேரருவியில் அன்று கூட்டமில்லை. அபியைக் கம்பியோரம் நிறுத்திவிட்டு, வளையல் போட்ட மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணை மூடினாள். கல்லும் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை. கையை நீட்டினாள். பெரிதாகப் பேச ஒன்றும் தோன்றவில்லை. “முன்னந்தலை மட்டும் காயல. நீங்க பாத்துக்கிடுங்க” என்றாள்.

ஒரு கை வந்தது. பெண்ணின் கை, ஊறி ஊறிச் சுருக்கம் விழுந்த விரல்கள். மாரிச்செல்வியின் பிடியிலிருந்த மணிக்கட்டை அது தடவியது, வளையலைத் தடவியது. பிறகு இழுத்தது. மாரிச்செல்வியின் விரல்கள் ஒரு கணம் விடவில்லை. பிறகு விட்டன.

அத்தோடு வெளியே வந்திருக்க வேண்டும். அதற்குள் அந்தக் கை திரும்பி வந்து அவள் தலையையே பிடித்தது. அங்கே நிற்கிறவளும் கண்ணை மூடிக்கொண்டுதானே நிற்கிறாள். அகப்பட்ட தலையைத் தேய்க்கத் தொடங்கினாள். உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால். அசைந்ததற்கு நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாரிச்செல்வியின் தலையை யாரும் தொட்டதில்லை, குட்டியதுமில்லை. அவள் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை அவளை மெல்லப் பாறைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போயிற்று. அவள் போனாள்.

பின்னாலிருந்து சேலையை யாரோ பற்றி இழுத்தார்கள்.

“கண்ணத் தொறம்மா.”

வெளியே கல்லில் உட்காரவைத்து, அபி சால்வையால் அம்மாவின் தலையைத் துவட்டினாள். மூச்சு வாங்கத் துவட்டினாள்.

“நனைச்சவதான் துவட்டணும்ட்டி” என்றாள் மாரிச்செல்வி. பல் கிட்டியது.

“அதான் அவ வாரதுக்கு முன்ன துவட்டுதேன். தலைய ஆட்டாத.”

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கொடுத்தார். அபி வாங்கி, பின்னால் ஒட்டிக்கொண்டு வேறு டிக்கெட் ஏதும் வந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வருவதற்குள் அவள் முடி காய்ந்து பறந்தது. நம்பிராஜன் வீடு காய்ந்திருப்பதைப் பார்த்து, பிளம்பர் கெட்டிக்காரன் என்றார்.

மாரிச்செல்வியின் முடியும் காய்ந்துவிட்டது. இடது காதுக்குப் பின்னால் ஒரு கற்றை மட்டும் காயவில்லை. அபி தினமும் காலையில் அதைப் பிழிந்து, துவட்டி, இறுக்கிப் பின்னிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். ஹாஸ்டல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபி எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே, வளர்ந்த உயரத்துக்கு இடம் பத்தாமல் குனிந்து உட்கார்ந்தாள்.

“தேய்ச்சுக்க. ஆனா கண்ணத் தொறந்துட்டுத் தேய்க்கணும்.”

மாரிச்செல்வி கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். எரிந்தது, நீர் வந்தது, இமைக்கவில்லை. அவளுடைய இடது காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு இறங்கி அபியின் தோளில் விழுந்தது.

“எண்ணெயா?” என்றாள் அபி, திரும்பாமல்.

“எண்ணெதான். தலைய ஆட்டாத” என்றாள் மாரிச்செல்வி.