மைக்ராஸ்கோப்பில் ஓர் உருண்டை

பதினெட்டு வருடங்களாகப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைத் திசுவை ஆராய்கிறவள் அவள். அதே நோய் தையல்காரரான அண்ணனுக்கே வந்தபோது இடிந்துபோனாள். ஒருநாள் அவர் ஆய்வுக்கூடத்துக்கே வந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார்.

“இப்படி ஒரு பழுப்பு உருண்டைதானா என் கையை ஆட்டுது?”

“ஒழுங்கா மடங்காத புரதம்ண்ணா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, செல்லுக்குள்ள இப்படித் திரண்டுடுது. அந்த செல்லெல்லாம் மெல்ல மெல்லச் செத்துடுது.”

“கரைக்க மருந்து இருக்கா?”

“சோதனைக் குழாயில கரைச்சிருக்கோம். மனுஷனுக்கு இன்னும் இல்ல.”

“அப்போ இத்தனை வருஷமா என்னதான் கிழிச்சே?”

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் அவளைச் சீண்டுவார். சிரிக்கலாம் என்று நிமிர்ந்தாள். நோய் இறுக்கிய அந்த முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கேலியா, கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் போடமுடியாமல் விட்டிருந்த சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனாள்.