இருதய வார்டின் காலித் தட்டு

எங்கள் மருத்துவமனைச் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு நன்றாக இருந்ததா என்று நோயாளியிடம் கேட்க மாட்டோம். திரும்பி வரும் தட்டைப் பார்ப்போம். காலியாக வந்தால் பாஸ், மிச்சம் வந்தால் பெயில். நானும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தேன்.

இருதய வார்டில் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காய், கீரை, பருப்பு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. தலைமைச் சமையல்காரி நான். முதல் நாளே அந்த வார்டில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தது யார் தெரியுமா? என் அண்ணன். கறிக்கடை முதலாளி.

"தழையத் தின்ன நான் என்ன ஆடா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பிட்டுத் தெம்பு வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எப்படியாவது அண்ணனைச் சாப்பிட வைத்தாக வேண்டும். வம்புக்காரன்தான், ஆனாலும் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தானே.

காளானையும் கொண்டைக்கடலையையும் வதக்கி, மிளகைத் தூக்கலாகப் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். அண்ணன் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. எனக்குக் கால் தரையில் படவில்லை. பாத்திரம் கழுவுகிறவரிடம்கூட அந்தத் தட்டைக் காட்டிப் பெருமையடித்தேன்.

அப்புறம் நர்ஸ் வந்தாள். "உங்கண்ணன் எழுந்து நிக்கவே தள்ளாடுறாரு அக்கா. சாப்பிடுறவர் மாதிரியே தெரியல."

மதியம் தட்டு போன கையோடு, பூனை மாதிரி நானும் பின்னாலேயே வார்டுக்குப் போனேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் அண்ணி. மடியில் அவன் தட்டு, வாய் நிறையச் சோறு. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"என்ன அண்ணி இது?" எனக்குப் பொங்கிவிட்டது.

"அவர் வேணாம்னுட்டார். மிச்சம் போனா உனக்குக் கெட்ட பேராச்சேன்னு ஒரு வாய் வெச்சேன்," என்றார் அண்ணி. "அப்புறம் நிறுத்த முடியல. என்னமா வெச்சிருக்கே."

திட்ட வந்தவள் சிரித்துவிட்டேன். அதற்குள் கட்டிலிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"புருஷன் பட்டினி கிடக்கான், இவ சப்புக்கொட்டித் தின்னுட்டிருக்கா. அப்படி என்னதான் இருக்கு அதுல? குடு இங்க."

ஒரு வாய் வைத்தான். மென்றான். காளான் துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத யாரு வெட்டினது?"

"நான்தான்."

"கத்தி மொட்டை. கடையிலேர்ந்து நல்லதா ஒண்ணு கொண்டுவரச் சொல்றேன்," என்றவன், தட்டை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் தேறிவிட்டான் என்று அர்த்தம். சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

மறுநாளும் காலித் தட்டுதான் வந்தது. நான் நம்புவேனா? நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் அண்ணி வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு தட்டு போடு. பசி காதை அடைக்குது," என்றார். "உங்கண்ணன் ஒரு வாய்கூடத் தர மாட்டேங்குறார்."