புகையை நம்பியவன்

இளவழகனுக்குக் குளிர் என்றால் அத்துப்படி. நாமக்கல்லை அடுத்து, முட்டை பொரிக்கும் ஒரு ஹேச்சரியில், பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடும் பிரிவு பதினேழு வருடமாக அவன் பொறுப்பில்தான் ஓடுகிறது. அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள செல். திரவ நைட்ரஜன் கேனுக்குள், தொட்டால் தோல் உரியும் குளிரில் கிடக்கும். தடித்த கையுறை இல்லாமல் ஆம்பூலை, அந்த மருந்துக் குப்பியை, எடுக்கக்கூடாது. எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மளமளவென்று உருக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் செல் செத்துப்போகும்; அப்புறம் குஞ்சுக்குப் போடுவது வெறும் தண்ணீர்தான்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் ஏமாந்தான். தெரியாதவன் ஏமாந்தால் பரிதாபப்படலாம். இவனை என்ன சொல்வது?

அவன் மனைவி கலைமணிக்கு ஆறு வருடமாகப் பெருங்குடலில் புண். கழிப்பறைக்குப் போனால் ரத்தம். சேலத்து டாக்டர் கொடுத்த மாத்திரையில் நோய் அடங்கிக் கிடந்தது, தீரவில்லை. ஸ்டெம் செல்லில் செய்த ஜெல்லைக் குடலுக்குள் ஏற்றினால் புண் ஆறுமாமே என்று இளவழகன் அவரிடமே கேட்டான்.

"ஆராய்ச்சி நடக்குதுங்க. இன்னும் நம்ம கைக்கு வரல. யாராச்சும் இப்பவே தர்றேன்னா போயிராதீங்க," என்று சொல்லித்தான் அவர் அனுப்பினார்.

தருகிறோம் என்றார்கள், சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்த சென்டரில். கலைமணிக்கு அங்கே போக மனசே இல்லை. தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட சண்முகவேல், ஒரு கேனின் மூடியைத் திறந்து காட்டினான். வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. ஹேச்சரியில் இருக்கும் அதே கேன். இளவழகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் அவனுக்குப் புரிந்த ஒரே சங்கதி அதுதான்.

"இது நான் தெனமும் பொழங்குற சாமான் புள்ள. கண்ண மூடிட்டுப் போட்டுக்கலாம்," என்றான்.

"செல் வேலை செய்யணும்னா பழைய மாத்திரைய நிறுத்தணுங்க," என்றான் சண்முகவேல். அதற்கும் இளவழகன்தான் தலையாட்டினான்.

மூன்று வாரத்தில் இரண்டு முறை ஜெல் ஏற்றியாயிற்று. மூன்றாவது முறைக்குக் காரில் வந்தபோது கலைமணி இருக்கையில் சாய்ந்தே கிடந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ரத்தம் எப்படி இருக்குது?"

"கொறைஞ்சிருச்சுங்க," என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவன் மனதில் ஏதோ உறுத்தியது. உறுத்தியதை ஒதுக்கிவிட்டு ஓட்டினான்.

சென்டரில் அவள் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். உதவிக்கு இருந்த பெண் கேனைத் திறந்து ஆம்பூலை எடுத்தாள். செல்போன் அடிக்கவே, ஆம்பூலை ஒரு உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

வெறுங்கை.

இளவழகன் அந்தக் கையையே பார்த்தான். மெய்யான குளிராக இருந்தால் இந்நேரம் அலறியிருப்பாள். ஆம்பூலின் மேல் பனிகூடப் படியவில்லை; உள்ளே ஜெல் தளதளவென்று ஆடியது. திறந்திருந்த கேனுக்குள் எட்டிப் பார்த்தான். கல்யாண மண்டபத்தில் புகை விடப் போடுகிற டிரை ஐஸ் கட்டியைக் கேனின் அடியில் போட்டு, ஆம்பூலை அதில் படாமல் மேலே செருகி வைத்திருக்கிறார்கள். அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்க வழியில்லை. எப்போதாவது இருந்ததா என்பதே சந்தேகம்.

"அதக் கீழ வைங்க," என்றான். சண்முகவேல் எழுந்து வருவதற்குள் திரையை விலக்கினான்.

"எந்திரி புள்ள, போலாம். இது மருந்தே இல்ல. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்."

கலைமணி திடுக்கிடவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"எனக்குத் தெரியுமுங்க," என்றாள். "மாத்திரைய நிறுத்துன அஞ்சாம் நாளே ரத்தம் ஆரம்பிச்சிருச்சு. இப்பத் தெனமும் பத்துப் பன்னண்டு தடவ போகுதுங்க."

"ஏன் புள்ள சொல்லல?"

"ஆறு வருசமா எங்கூட ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவரு, இப்பத்தான் நிம்மதியாத் தூங்குனீங்க. கெடுக்க மனசு வரலீங்க."

கைகொடுத்துத் தூக்கினான். இரண்டு அடி வைத்தவள் அப்படியே அவன் தோளில் சரிந்தாள். உடம்பு கொதித்தது. அவள் படுத்திருந்த விரிப்பு சிவந்து நனைந்திருந்தது.

சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனான். தூங்கிவிடாதே, ஏதாவது பேசு என்று வழியெல்லாம் கெஞ்சினான். பாதி வழியில் வரும் கோரிமேடு வரைதான் அவள் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள்.