முனிக்கு மல்லிகை ஆகாது

பேய் பயமுறுத்தலாம், கொலை செய்யக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். மர்மக்கதை எழுதியே பிழைக்கிறவள் நான், புஷ்பவள்ளி. ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கதை நெடுக பேயை உலவ விடுங்கள், கடைசியில் மட்டும் ஒரு மனிதன் மாட்ட வேண்டும் என்பேன். இல்லாவிட்டால் வாசகன் காறித் துப்புவான்.

வந்தவர்களில் சிவநேசன் ஒருவன்தான் சொல்பேச்சு கேட்டு எழுதுகிறவன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. சட்டை கசங்காது, குரல் உயராது. அவன் கதையில், எஸ்டேட்டை அழித்துக் கட்டிய அடுக்குமாடிக்கு ஒரு தம்பதி குடிவருகிறார்கள். அங்கே இடிக்கப்பட்ட கோயிலின் முனீஸ்வரர் அந்த மனைவியைத் தேடி வருகிறார். உண்மையில் எல்லாம் கணவன் செய்கிற வேலை. நல்ல கரு. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, முனி வரும்போது மல்லிகை மணந்தது என்று எழுதியிருந்தான்.

"முனி என்ன கல்யாணப் பொண்ணா? சுருட்டு வாசம் போடுங்க தம்பி," என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினான்.

பிறகும் திருத்திக்கொண்டே இருந்தேன். கணவன் எடுத்தவுடன் பேயை நம்பினால் வாசகன் அவனைச் சந்தேகிப்பான், அதனால் முதலில் சிரிக்கட்டும் என்றேன். பேய் வருவதை அக்கம்பக்கத்தில் அந்தப் பெண்ணே தன் வாயால் சொல்லட்டும் என்றேன். சாவை எப்படி வைப்பது என்று போன வாரம் கேட்டான். பால்கனியில் முனிக்குப் படையல் வை, கோயில் இருந்த திசையைப் பார்த்து விளக்குக் கட்ட அவளே ஸ்டூலில் ஏறட்டும், விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று சொல்லிக்கொடுத்தேன். கணவன் ஏன் கொல்கிறான் என்று கேட்டேன்.

"அது கடைசியிலதான் டீச்சர்," என்றான்.

இந்த ஞாயிறு அவன் வரவில்லை. வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"நான் காமினி, சிவநேசன் வைஃப். பத்து காவான்லேர்ந்து வரேன். அவருக்குத் தெரியாது டீச்சர்."

"உட்காரும்மா. பசியாறிட்டியா?"

அவள் உட்காரவில்லை. "எங்க வீட்டுல முனி நடமாட்டம் இருக்கு. உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படியாம். டீச்சரைக் கேட்டுத்தான் எல்லாம் செய்றேன்னு சொல்வாரு. அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன். "முனின்னு எப்படித் தெரியும்?"

"மொதல்ல மல்லிகப்பூ வாசம்தான் வந்துச்சு. எங்கேயோ பூக்குதுன்னு விட்டுட்டேன். கொஞ்ச நாளா சுருட்டு வாசம். ரூம் ரூமா என் பின்னாடியே வருது."

"புருஷன் என்ன சொல்றாரு?"

"மொதல்ல சிரிச்சாருலா. இப்ப நம்புறாரு. மனசுல வெச்சுக்காத, பக்கத்து வீட்டு ஃபராகிட்ட சொல்லுன்னாரு. சொல்லிட்டேன்."

"அவரு வீட்டுல இல்லாதப்ப வாசம் வந்திருக்கா?"

யோசித்தாள். "நைட் ஷிஃப்ட் வாரத்துல வராது. முனிக்கு அவரு மேலதான் கோபம் போல." பிறகு தயங்கிக் கேட்டாள். "வர்ற வெள்ளிக்கிழமை பால்கனியில படையல். ஸ்டூல்ல ஏறி நானே விளக்கு கட்டணுமாம். கட்டினா எல்லாம் சரியாயிடுமா டீச்சர்?"

அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கதை, மல்லிகை, சுருட்டு, படையல், எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல என் வாய் எனக்கே கசந்தது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"எங்கண்ணன் எனக்குப் பைத்தியம்னான். டாக்டர் மாத்திரை கொடுத்தாரு. எங்க வீட்டுக்காரரு ஒருத்தர்தான் என்னை நம்பினாரு. அவரைப் போய் இப்படிச் சொல்றீங்களே."

படிக்கட்டுக்குப் போய்விட்டாள். விட்டால் வெள்ளிக்கிழமை ஸ்டூலில் ஏறுவாள். அவளிடம் உண்மை செல்லாக்காசு என்பது புரிந்தது. செல்லுகிற காசு ஒன்றுதான் இருந்தது, அதை எடுத்தேன்.

"நில்லு. முனி எங்கிட்டயும் வந்தாரு," என்றேன், குரலை அடித்தொண்டைக்கு இறக்கி. "அவருக்குப் படையல் வேணாம். நீ அந்த வீட்ட விட்டுக் கிளம்பணும். இனி வாசப்படி மிதிச்சா விடமாட்டாராம்."

காமினி அங்கேயே கைகூப்பினாள். அவ்வளவு சுலபமாக நம்பியதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய அண்ணன் வீடு மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில். பேயை நம்பாத ஆள்தான் இப்போது அவளுக்கு வேண்டும் என்று நினைத்து, அவளை என் காரில் ஏற்றினேன்.

மலைப்பாதையில் ஏறும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. "அவருக்கும் சொல்லிட்டேன் டீச்சர். நீங்க காடி எடுக்கப் போனப்ப."

"என்ன சொன்ன?"

"முனி உங்ககிட்ட வந்தத. ரொம்ப சந்தோஷப்பட்டாரு. அண்ணன் வீட்டுக்கு அவரும் கிளம்பிட்டாராம். முனி எங்க போகச் சொன்னாலும் நான் கூடவே இருப்பேன்னாரு."

வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். "காமினி, முனி வரல. நான் சொன்னது பொய். உன் புருஷன் உன்னைக் கொல்லப் பாக்குறான்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க மாத்திப் பேசுவீங்கன்னும் சொன்னாரு. முனி பேரச் சொன்னவங்க அப்புறம் பயந்து பின்வாங்குவாங்களாம். என்னை இங்கயே எறக்கி விடுங்க. அவரு வந்து கூட்டிக்குவாரு."

படுபாவி, எனக்கு ஓர் அத்தியாயம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். கதவுகளைப் பூட்டினேன். அண்ணன் வீடு இனி ஆகாது, போலீஸ் நிலையம்தான். அங்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவள் உயிரோடு இருந்தால் போதும்.

வண்டி திரும்பியதும் காமினி போனை எடுத்தாள். "என்னங்க, டீச்சர் கதவப் பூட்டிட்டாங்க. எங்கேயோ கொண்டு போறாங்க."

சிவநேசனின் குரல் வண்டிக்குள் தெளிவாகக் கேட்டது. அப்போதும் அது உயரவில்லை.

"பயப்படாதம்மா. அது டீச்சர் இல்ல. வேற என்னவோ அவங்க மேல ஏறியிருக்கு. குரல்கூட மாறுச்சுன்னியே. எப்படியாவது எறங்கிடு. காடி ஓடினாலும் பரவால்ல, குதிச்சிடு. முனி உன்னைத் தாங்கிப்பாரு."

காமினி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னை அவ்வளவு பயந்து யாரும் பார்த்ததில்லை. அவள் பக்கம் பள்ளம், பின்னால் லோரி. அவள் விரல்கள் கதவுப் பூட்டைக் கண்டுபிடித்துவிட்டன. பிரேக்கை மிதித்தபடி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் குனிந்து என் கையைக் கடித்தாள், எலும்பில் பல் படுகிற அளவுக்கு. போனில் அவன் அதையே பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிடியை விடவில்லை.