தலையணை உறையில் வடித்த பீர்

லிஃப்ட்காரன் வீட்டில் காய்ச்சிய பீரைக் குடித்தவர்கள் எல்லோரும், படுத்துக் கண்ணயர்ந்ததும், அவன் மனைவியின் கனவுக்குள் போய்விட்டு வந்தார்கள். ஊரிலிருந்த ஒரே பீர்க்கடை பூட்டப்பட்ட வருஷம் அது. பார்லி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, வெயில் வழக்கம்போல் ஏறியிருந்தது. தெருவில் குடிக்கிறவர்களின் முகமெல்லாம் வாடிக் கிடந்தது. அதிலும் லிஃப்ட்காரனின் மச்சான், அதாவது அவன் மனைவியின் தம்பி, வேலை தேடுகிறேன் என்று வந்து அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்தவன், சோற்றைக்கூடப் பெருமூச்சு விட்டபடிதான் சாப்பிட்டான். லிஃப்ட்காரன் சொட்டுக்கூடத் தொடாதவன். சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலைக்குப் பிறகு டாக்டர் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார். ஆனால் ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களின் கிழட்டு லிஃப்ட்டுகளையெல்லாம் கம்பியும் ரப்பரும் கொண்டே ஏறி இறங்க வைத்துப் பழகிய கை, சும்மா இருக்காது. இல்லாததை இருப்பதை வைத்துச் செய்யச் சொன்னால் அவனுக்கு உற்சாகத்தில் தலைகால் புரியாது. "பீர்னா என்னடா பெரிய பீரு? தண்ணியும் தானியமும் பொறுமையும்தானே," என்று ஒருநாள் வாயைவிட்டான். மச்சான் அந்த வாயை அதற்குப் பிறகு மூடவிடவில்லை.

வீட்டையே சலித்தெடுத்தான் லிஃப்ட்காரன். குளிக்க வெந்நீர் போடும் குண்டான் காய்ச்சும் பாத்திரமாயிற்று. முளைகட்டி, வறுத்து, இடித்த பார்லியைச் சூடு இறங்காமல் ஊறவைக்க, எப்போதோ சுற்றுலாவுக்கென்று வாங்கி ஒரே தடவை எடுத்துப்போன ஐஸ் பெட்டி வந்தது. குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும் என்று அவன் சொன்னது மச்சானுக்குப் பெரிய ஞானமாகப் பட்டது. கொதித்ததைச் சட்டென்று ஆற்ற, ஒரு செம்புக் குழாயைப் பெயின்ட் டப்பாவின்மேல் சுற்றிச் சுருளாக்கி, குண்டானுக்குள் இறக்கி, அதன் வழியே பச்சைத் தண்ணீரை ஓடவிட்டான். நொதிப்பதற்குக் குடிதண்ணீர் கேன். அதன் மூடியில் துளை போட்டு, தன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கி மிஞ்சிய குளுக்கோஸ் குழாயைச் சொருகி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்தினான். உள்ளே பிறக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. ஈஸ்ட்டுக்குத் தெருமுனை பேக்கரிக்காரர். கசப்புக்கு, உலர்த்திய ஆரஞ்சுத் தோல். வடிகட்டத்தான் எதுவும் சரிப்படவில்லை. திரைச்சீலை சாயம் விட்டது, அவனுடைய காக்கிச் சட்டை அடைத்துக்கொண்டது. கடைசியில் படுக்கையறைக்குப் போய் மனைவியின் தலையணை உறையை உருவிக்கொண்டு வந்தான். வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து நூல் இளகிய உறை, வடிகட்டுவதற்கென்றே நெய்தது போலிருந்தது. துவைக்கவில்லை. கொதிக்கிற சூட்டில் எந்தக் கிருமி தங்கும் என்று நினைத்தான். நினைத்தது சரிதான், ஆனால் கிருமியைப் பற்றி மட்டும்தான் நினைத்தான்.

மனைவி அப்போது ஆபீஸில் இருந்தாள். குடிநீர் வாரியத்தில் புகார் வாங்கும் வேலை அவளுக்கு. தண்ணீர் வரவில்லை என்பவர்கள், கலங்கலாக வருகிறது என்பவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்பவர்கள் எல்லோரும் அவள் முகத்துக்கு நேராகத்தான் வந்து கத்துவார்கள். கத்தல் முடிந்து வீட்டுக்கு வந்தால் வீட்டிலும் ஆளுக்கொரு 'இந்தா', 'எங்கே', 'இன்னும் ஆகலையா'. அத்தனைக்கும் பதில் சொல்வாள், சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளைப்போல் பொறுமைசாலி உண்டா என்று தெரு முழுக்கப் பேச்சு.

பாட்டில்களில் அடைத்து, ஆறப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் முதல் பாட்டிலைத் திறந்தான். நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் ஆரஞ்சு மணம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்தார்கள். சாயங்காலம் எழுந்த மச்சான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சொன்னான்: "மாமா, அக்கா ஒரு ரூம்ல தனியா உக்காந்திருந்தா. வெள்ளைச் சுவரு, ஒரு ஜன்னலு, ஒரே ஒரு நாற்காலி. அப்படியொரு அமைதியை நான் பார்த்ததே இல்ல." அவன் முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். அவளும் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள். "ஏன்டா, செருப்பைக் கழட்டிட்டு வரக்கூடாதா?" என்றாள். அப்புறம்தான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த அறைதான் கனவு. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவாள். ஜன்னலில் மழை விட்ட பிறகு வரும் வெளிச்சம் இருக்கும். யாரும் கூப்பிடமாட்டார்கள். அவ்வளவுதான், வேறெதுவும் நடக்காது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த ஞாயிறு பேக்கரிக்காரர் ஒரு பாட்டில் கேட்டார், ஈஸ்ட் கொடுத்த உரிமை. அதற்கடுத்த ஞாயிறு பல் டாக்டர் வந்தார். நாளெல்லாம் அடுத்தவர் அலறலைக் கேட்டுக் கேட்டு வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டவர், அந்த அறையில் தரையில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்தவர்கள் நிறைய ஆகிவிட்டார்கள் என்பதுதான் விஷயம். இடங்கொடுத்தால் மடம் பிடுங்குகிற சனம். பேக்கரிக்காரர் சுவரில் ஆணியடித்துக் காலண்டர் மாட்டினார். யாரோ ஜன்னல் கட்டையில் சிகரெட்டை அணைத்தார்கள். அங்கே நிலவும் அமைதியைப் பற்றி எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள். ஒருநாள் பின்வீட்டு அம்மாள் நாற்காலிக்கு எதிரே வந்து நின்று, "தண்ணியப் பாத்து ரெண்டு மாசமாச்சும்மா, குழாயில காத்துதான் வருது, என்ன ஏதுன்னு கொஞ்சம் பாரும்மா," என்று ஆரம்பித்தாள். லிஃப்ட்காரன் மனைவி கனவிலேயே சிரித்தபடி அதையும் வாங்கிக்கொண்டாள். விழித்து எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றிலிருந்து தூங்குவதை நிறுத்தினாள். படுப்பாள், கொட்டக் கொட்ட விழித்து மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. கண்ணைச் சுற்றிக் கருப்பு விழுந்தது, கன்னம் ஒட்டியது, நடந்தால் தரையில் கால் பதியும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

லிஃப்ட்காரனுக்கு வேறொரு வலி. குடிக்காதவன் ஆகையால் தெருவே போய்விட்டு வந்த அறைக்கு அவன் ஒருவன்தான் போகவில்லை. அங்கே நான் இருக்கிறேனா என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டு, சுற்றிவளைத்து, "நாற்காலி எத்தனை கிடக்கு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். ஒன்றுதான் என்றார்கள். கேட்டுக் கேட்டு மனது புண்ணாகி, கடைசியில் அவளிடமே போய் நின்றான்.

"அந்த ரூம்ல எனக்கு இடமில்லையா?"

"உங்களுக்கு மட்டுமா இல்ல? யாருக்குமே இல்ல. அதுக்குத்தாங்க அது," என்றாள். "நாள் பூரா பதில் சொல்றேன். அங்க ஒரு இடத்துலதான் சொல்ல வேண்டாம்னு இருந்தது. இப்ப அதுவும் போச்சு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவனை அறுத்தது. தன் கையால் அவளுடைய வீட்டைத் தெருவுக்குத் திறந்துவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. மிச்சமிருந்த பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டினான். பிரயோசனமில்லை, ஒருதரம் வழி தெரிந்தவர்களுக்குப் பாட்டில் தேவைப்படவில்லை. உறையைச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தான். அன்று மதியம் அவள் அசதியில் கொஞ்சம் கண்ணை மூட, அறையில் முழங்கால் வரை நுரை. தெருக்காரர்கள் துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அதிலும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியேற்றினால் போகிற கூட்டமில்லை, வேறு இடம் காட்டினால்தான் போகும் என்று லிஃப்ட்காரன் கணித்தான். குண்டானை மறுபடி அடுப்பில் ஏற்றினான். இந்தத் தடவை வடிகட்டத் தன்னுடைய தலையணை உறையை உருவினான்.

அவனுக்கும் ஒரே கனவுதான். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு லிஃப்ட் நின்றுபோய்விடும், உள்ளே ஆட்கள், ஸ்பானருடன் இவன் ஒருவன். பகலெல்லாம் பார்த்த வேலையைத் தூக்கத்திலும் பார்க்கிறோம் என்பதை அவமானமாக நினைத்து அவனும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கனவு லிஃப்ட்டில் இருக்கிறவர்கள் முகமில்லாதவர்கள், வாயில்லாதவர்கள். அந்தச் சலுகையும் இனிமேல் கிடையாது என்று தெரிந்தேதான் அவன் உறையை நனைத்தான். தலையெண்ணெயும் கிரீஸும் ஊறிய உறை. பீர் கன்னங்கரேலென்று இறங்கியது. நொதித்து ஆறி, ஒரு ஞாயிறு பாட்டிலைத் திறந்தபோது மச்சான் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான். "மாமா, இது பீரா, இன்ஜின் ஆயிலா?" என்றான். ஆனாலும் குடித்தான். பேக்கரிக்காரர் குடித்தார், பல் டாக்டர் குடித்தார், பின்வீட்டு அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

அன்று மதியம் தெரு முழுக்க லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டது. முதலில் கூச்சல், பிறகு பழகிவிட்டது. சொல்லப்போனால் பிடித்தும்விட்டது. உள்ளே கண்ணாடி இருந்தது, மின்விசிறி ஓடியது, தோளோடு தோள் இடித்துக்கொண்டு பேச அதைவிடத் தோதான இடம் எது? வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை ஞாயிறு உட்காருவது என்று பேக்கரிக்காரரே கேட்டார். அந்த வெள்ளை அறையிலிருந்து தன் காலண்டரையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். லிஃப்ட்காரன் பாடுதான் பாடு. மேலே ஏத்து, கொஞ்சம் இறக்கு, விசிறியைக் கூட்டு, இங்கே கால் வைக்க இடமில்லை என்று தூங்கும் நேரமெல்லாம் புகார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மனைவி இத்தனை வருஷம் எதைச் சுமந்துகொண்டு சிரித்தாள் என்பது அவனுக்கு லிஃப்ட் கூரையில் தொங்கியபடி விளங்கியது. அவள் மட்டும் அந்த ஞாயிறு மதியம் படுத்து, திங்கட்கிழமை பால்காரர் மணியடித்தபோதுதான் எழுந்தாள். எழுந்து நடந்தபோது கால் சத்தம் கேட்டது.

மழைக்காலம் வந்து போயிற்று. பீர்க்கடையை மறுபடி திறந்தார்கள். தெருக்காரர்கள் அங்கே வாங்கிக் குடித்துவிட்டு லிஃப்ட்காரன் கனவுக்கு வந்தார்கள். மச்சானுக்கு ஒரு வேலை கிடைத்தது, அதுவும் லிஃப்ட்டில் வைத்துப் பல் டாக்டர் சொல்லிவைத்ததுதான். ஒரு ஞாயிறு, நின்றுபோன லிஃப்ட்டின் கூரையில் வேலை செய்துகொண்டிருந்த லிஃப்ட்காரன், அதுவரை கண்ணில் படாத ஒரு சின்னக் கதவைச் சுவரில் பார்த்துத் திறந்தான். வெள்ளைச் சுவர், ஜன்னல், மழை விட்ட வெளிச்சம். நாற்காலியில் அவள். திரும்பிப் பார்த்தாள். அவன் நிலைப்படியைத் தாண்டாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது அவள் கேட்டாள், "வாசல்லயே ஏன் நின்னீங்க?"

"நீ கூப்பிடல."

அவள் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே யோசித்தாள். "வாங்க," என்றாள். "ஆனா பேசக் கூடாது."

அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் அவன் அங்கே போய்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்காருகிறான். இரண்டு பேரும் பேசுவதில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே காத்திருக்கும் தெருக்காரர்களுக்கு அவன் எங்கே போயிருக்கிறான் என்று தெரியும். யாரும் அபாய மணியை அழுத்துவதில்லை.