அக்கா உட்கார்ந்திருந்த பெல்ட்

ஏழு மாதமாகத் தன் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத அக்கா, காலை எட்டரை மணிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியபோது மெக்கானிக் தம்பிக்குத் தேன் குடித்தது போலிருந்தது. காரில் ஆசிரியை உட்காரும் இடதுபக்க இருக்கையின் பெல்ட், புற்றுக்குத் திரும்ப மனமில்லாத பாம்பைப் போலக் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம். வழி தவறிட்டீங்களா?"

"பெல்ட் உள்ள போகமாட்டேங்குது. பதினொரு மணிக்கு ஆபீசர் வர்றார், பள்ளிக்கூட லைசென்ஸைப் புதுப்பிக்க. இதைப் பார்த்தா இழுத்துப் பூட்டிட்டுப் போயிடுவார். ரெண்டு இடத்துல கேட்டேன், நாலு நாள் ஆகும்னுட்டாங்க. இல்லேன்னா இங்க வருவேனா?"

"அதானே பார்த்தேன்."

இந்த ஏழு மாதச் சண்டைக்குக் காரணம் அவன் மனைவி. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அக்கா, மாணவர்கள் பத்துப் பேர் நடுவில், "இவளைத் தேர்வுக்கு அனுப்பமாட்டேன். ரோட்டுல போறவனும் பிள்ளைகுட்டிக்காரன்" என்று சொல்லியிருந்தாள்.

அவன் காரின் கதவோரத் தூணின் உறையைக் கழற்றி, பெல்ட் சுருளும் பெட்டியை அவிழ்த்து, மடியில் சாய்த்து வைத்து இழுத்தான். ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

"இருந்ததையும் உடைச்சிட்டியா?"

"சாய்ச்சா பூட்டிக்கும். வண்டி கவிழ்ந்தா ஆளைப் பிடிக்கணும்ல? ஊருக்கே பாடம் நடத்தறீங்க, இது தெரியாதா?"

பெட்டியை நிமிர்த்திப் பிடித்தான். பெல்ட் சரசரவென்று வந்தது. முழுவதையும் உருவி ஒரு கிளிப்பைப் போட்டு நிறுத்தியவன், அதை மேலும் கீழும் பார்த்தான். பெட்டிக்குள் சுருண்டிருந்த பகுதி புத்தம் புதிதாக இருந்தது. வெளியே இருந்த பகுதியோ கசங்கி, முறுக்கேறி, பிசுக்கேறிக் கிடந்தது. அந்தப் பிசுக்குத்தான் பெல்ட் நுழைந்து வரும் தூண் வளையத்தையும் அடைத்திருந்தது.

மார்பின் குறுக்கே போடுகிறவருக்கு உள்பகுதி அன்றாடம் வெளியே வந்தாக வேண்டும்.

"இது போட்ட பெல்ட் இல்லக்கா," என்றான் மெதுவாக. "உட்கார்ந்த பெல்ட். பெல்ட் போடலைன்னு வண்டி கத்தற சத்தம் வராம இருக்க முதுகுக்குப் பின்னால மாட்டிட்டு, மேல உட்கார்ந்திருக்கே. மத்தவங்களுக்குத்தான் உபதேசமா?"

அக்காவின் முகம் சிவந்தது. "போட்டா பூட்டிக்குது. எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியல."

"அப்போ இந்தப் புதுப் பகுதியில ஒரு தழும்பு இருக்கே?"

"உன் பொண்டாட்டி ஓட்டின அன்னிக்கு, பெல்ட் என்னை இழுத்துப் பிடிச்சதுல விழுந்தது. அன்னிக்கு மட்டும் போட்டுக்கிட்டேன்."

அவன் சோப்பு நீரில் பெல்ட்டைத் தேய்த்துக் கழுவினான்; காற்றுக்குழாயால் உலர்த்தினான்; வளையத்தைத் துடைத்து, முறுக்கை எடுத்துவிட்டான். எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுக் கையை எடுத்ததும், பூனையைக் கண்ட எலி போலப் பெல்ட் உள்ளே ஓடி மறைந்தது.

மணி பத்தேகால். அக்கா சாவிக்குக் கை நீட்டினாள்.

"சாவி என் பொண்டாட்டிகிட்ட இருக்கு. அவதான் ஓட்டுவா. பழகுநர் உரிமம் புதுசா எடுத்துக் கைல இருக்கு. பக்கத்துல டீச்சர் இருக்காங்க, வேற என்ன வேணும்?"

"பழி வாங்கறியா?"

"பதினொரு மணிக்கு ஆபீசர் வர்றார்னு நீதானே சொன்னே?"

மனைவி ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தாள். "நல்லா இழுத்துப் போட்டுக்கங்க அண்ணி," என்றாள், வெல்லம் கரைத்த குரலில்.

அக்கா பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்து மாட்டினாள். அடுத்த நொடி கார் துள்ளிப் பாய்ந்து, நேரே தண்ணீர்ப் பீப்பாயை நோக்கிப் போயிற்று. அக்கா ஆசிரியைக்கென்று தன் பக்கத்தில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தாள். முன்னால் சாய்ந்தவளைப் பெல்ட் கப்பென்று பிடித்து நிறுத்தியது. பீப்பாய்க்கும் காருக்கும் இடையே ஒரு சாண்.

கண்ணாடி இறங்கியது.

"பெல்ட் பிடிக்குது," என்றாள் அக்கா தம்பியிடம். "உன் வேலையில குறை சொல்ல ஒண்ணுமில்ல. இவளைப் பத்தி அன்னிக்கே சொல்லிட்டேன்."

"கிளம்பலாமா அண்ணி?" என்றாள் மனைவி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ரிவர்ஸைப் போடு. கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா."

பின்வாங்கித் திரும்பிய கார் வாசலைத் தாண்டியது. தெருமுனையில் மறையும்வரை அதன் பிரேக் விளக்கு ஒரு கணமும் அணையவில்லை.