மழை படாத போல்ட்

1

இந்தக் கதை என் காலடியில் விழுந்தது. மிகைப்படுத்தவில்லை. கரீபியன் கடலில் உள்ள கேமன் பிராக் தீவின் கடலோரச் செங்குத்துப் பாறையில், ஏறுகிறவர்கள் கயிறு கோக்க அடித்திருந்த ஒரு போல்ட்டில் தண்ணீர்ப் பையை மாட்டினேன். பையும் போல்ட்டின் தலையும் சேர்ந்து விழுந்தன. ஆள் தொங்கினாலும் அசையாத எவர்சில்வர். துரு இல்லை, பளபளப்பும் போகவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘துருப்பிடித்த அந்தப் போல்ட் எத்தனையோ முறை எச்சரித்—’

அடித்துவிட்டேன், பொய். துருப்பிடித்தவை வெட்டவெளிப் பாறையில் இன்றும் கெட்டியாக நிற்கின்றன. மழை அவற்றைக் கழுவிவிடுகிறது. உடைந்தது, குடைபோல் கவிந்த பாறைக்கு அடியில் இருந்தது. அங்கே மழை படாது. கடல் உப்பு படிந்து படிந்து, இறுக்கி முடுக்கிய எஃகுக்குள் மயிரிழை விரிசலாக இறங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.*

(*உங்கள் வீட்டுத் தம்ளருக்கு ஒன்றும் ஆகாது. அதில் யாரும் தொங்குவதில்லை.)

நனையாமல் ஏறலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் அந்த இடத்துக்கே போவோம்.

3

என்னோடு ஏற வந்த நண்பன் ஓரெட்டைக் கோழையாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அங்கிருந்த போல்ட்களை எல்லாம் அடித்தவனே அவன்தான். அன்று கீழே நின்று கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆல்வரீன் மேலே, கவிந்த பாறையின் விளிம்பில், மழை படாத கடைசிப் போல்ட்டில் கயிற்றைக் கோத்துவிட்டு விரல்பிடியில் இருந்தாள்.

“என்ன ஓரெட், தூங்கிட்டியா? கை கடுக்குது. கயித்த இழுத்துப் புடி, கொஞ்சம் தொங்கிக்கிறேன்.”

உடைந்த தலையை அவனிடம் நீட்டினேன்.

“என்ன பண்ணின இத?”

“பையத்தான்பா மாட்டுனேன்.”

“அவ கோத்திருக்கறது எல்லாமே இதே பெட்டியில எடுத்ததுதான்” என்றான். பிறகு கத்தினான்: “ஆல்வீ, தொங்காத. அப்படியே மேல ஏறிடு.”

“ஆமைக்கறி ஆக்கித் தரேன்னு கூட்டிட்டு வந்துட்டு, இப்ப ஏறுங்கிறியே. விளையாடாத, விரல் நழுவுது.”

4

முடிவு ஒன்று: போல்ட் தாங்குகிறது. மூவரும் ஆமைக்கறி சாப்பிட—

முடிவு இரண்டு: போல்ட்—

என்னால் முடியவில்லை. ஆல்வரீன் எனக்குத் தெரிந்தவள்.

கயிற்றை இறுக்கினால் அவள் எடை முழுவதும் அந்தப் போல்ட்டில். தளர்த்தினால், நழுவும்போது விழுகிற வேகமும் சேர்ந்து அதே போல்ட்டில். ஓரெட்டிடமிருந்து கயிற்றை வாங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். கீழே ஆள் மாறியது அவளுக்குத் தெரியாது.

“புடிச்சிட்டியா?” என்று கேட்கிறாள்.